இடரா, வருவாயா? முதலீட்டுத் தொகுப்பை எடைபோட்டு அமைக்கும் முறை

முதலீடு செய்யத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “வருடத்துக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும்?” என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு உறுதியான பதில் சொல்பவர் எவராயினும் அவரிடமிருந்து சற்று விலகி நிற்பது நல்லது. வருவாய் நம் கையில் இல்லை. எவ்வளவு இடரை ஏற்பது, எவ்வளவு கட்டணம் செலுத்துவது, எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது என்ற மூன்றும்தான் நம் கையில் இருக்கின்றன. ஆகவே தொகுப்பை அமைக்கும் வேலையை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து: எவ்வளவு சரிவை நம்மால் தாங்க முடியும் என்பதை முதலில் ஓர் எண்ணாக எழுதி வைத்துவிட்டு, அந்த எல்லைக்குள் கிடைக்கக்கூடிய வருவாயில் அதிகமானது எது என்று பிறகு தேட வேண்டும்.

இடர் என்று எதைச் சொல்கிறோம்

ரிஸ்க் என்று நாம் பேச்சில் பொதுவாகச் சொல்லிவிடும் ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. விலை ஏறி இறங்குவது ஒன்று. போட்ட பணம் திரும்பவே வராமல் முதலுக்கே மோசம் வருவது இன்னொன்று. பணம் பத்திரமாக இருந்தும், தேவைப்படும் நாளில் அது போதாமல் போவது மூன்றாவது. வங்கி வைப்பில் 6 சதவீத வட்டி வாங்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கை வரியாகக் கட்டி, 5 சதவீதப் பணவீக்கத்தையும் எதிர்கொள்பவருக்குக் கையில் நிற்பது 4.8 சதவீதம், அதாவது வருடந்தோறும் அவருடைய பணத்தின் வாங்கும் சக்தி சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் கணக்கிலும் இடர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சரிவின் கணக்கு பலருக்கும் பழக்கமானதுபோல் தோன்றினாலும், தாளில் போட்டுப் பார்க்கும்போதுதான் அதன் கடுமை புரியும். 10 சதவீதம் இழந்தால் பழைய நிலைக்கு வர 11 சதவீத ஏற்றம் போதும். 50 சதவீதம் இழந்தால் 100 சதவீத ஏற்றம் வேண்டும். 80 சதவீதம் இழந்தவருக்கு 400 சதவீதம் வேண்டும். இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் இருந்து 1932 ஜூலையில் 41-க்கு விழுந்தது. விலையை மட்டும் பார்த்தால், பழைய உச்சத்தை அது மீண்டும் தொட்டது 1954-ல். ஜப்பானின் நிக்கேய் 225 குறியீடு 1989-ன் கடைசி வர்த்தக நாளில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. இடையில் கழிந்தவை 34 ஆண்டுகள், ஒருவருடைய உழைக்கும் காலம் முழுவதும்.

தாங்கும் திறனும் தாங்கும் மனமும்

இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். தாங்கும் திறன் என்பது வரவு செலவுக் கணக்கு: வருமானம் எவ்வளவு நிலையானது, எத்தனை பேர் அதை நம்பி இருக்கிறார்கள், கடன் எவ்வளவு, இந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்பவற்றால் அது தீர்மானிக்கப்படுகிறது. தாங்கும் மனம் என்பது விலைகள் சரியும்போது இரவில் தூக்கம் வருகிறதா என்பது. திறன் மிகுந்திருந்தும் மனம் இல்லாதவர் உண்டு. மனம் இருந்தும் திறன் இல்லாதவர் அதைவிட அதிகம். இரண்டில் எது குறைவோ அதற்கேற்பத் தொகுப்பை அமைப்பதே முறை.

திறனை அளப்பதில் ஒருபோதும் விட்டுவிடக் கூடாத ஒன்று, நம் சம்பளம் எதைச் சார்ந்திருக்கிறது என்பது. வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்குகளையே சேமிப்பாகவும் வைத்திருப்பவர், அந்த நிறுவனம் தடுமாறும் நாளில் வேலையையும் சேமிப்பையும் சேர்த்தே இழக்கிறார். 2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது அதன் ஊழியர்கள் பலருக்கு நடந்தது இதுதான்; அவர்களுடைய ஓய்வூதியக் கணக்குகளில் பெரும் பகுதி அதே நிறுவனத்தின் பங்குகளாக இருந்தது. தாம் பணிபுரியும் துறை முழுவதையுமே தொகுப்பில் சற்றுக் குறைத்து வைப்பது அறிவுடைமை. ஆனால் நடைமுறையில் எல்லோரும் தமக்குப் பழக்கமான துறையைத்தான் கூடுதலாக வாங்குகிறார்கள்.

மனத்தை அளப்பது கடினம். வினாத்தாள்கள் பெரிதாக உதவுவதில்லை, ஏனென்றால் சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது எல்லோருமே துணிச்சல்காரர்கள். உளவியலாளர்களான டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் முன்வைத்த கோட்பாட்டின் மையம், ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி பெரிது என்பது. அவர்களே பின்னாளில் செய்த மதிப்பீட்டில் அந்த வலி இரண்டு மடங்குக்குச் சற்று மேலே இருந்தது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். 2019-ல் என் முதலீட்டுக் குறிப்பேட்டில், “35 சதவீதம் சரிந்தாலும் ஒன்றும் செய்ய மாட்டேன்” என்று எழுதி, கீழே தேதியும் போட்டிருந்தேன். 2020 பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் அமெரிக்கப் பெரு நிறுவனப் பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறத்தாழ 34 சதவீதம் சரிந்த அந்த ஐந்து வாரங்களில், நான் எதையும் விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முறை கணக்கைத் திறந்து பார்த்ததும், ஒருநாள் இரவு விற்பனைப் படிவத்தை நிரப்பிவிட்டு அனுப்பாமல் மூடியதும் உண்மை. குறிப்பேட்டில் அந்த வரிக்கு அருகில், “25” என்று மட்டும் திருத்தி எழுதினேன்.

அத்தகைய ஓர் எண்ணைச் சதவீதமாக மட்டும் எழுதாமல் தொகையாகவும் எழுதிப் பாருங்கள். “20 சதவீதம்” என்பது வெறும் எண்ணாகக் கடந்துபோகும். அதே சரிவு எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்று எழுதினால் மனம் வேறு பதில் சொல்லும். அதன்பின் கணக்கு எளிது. மோசமான காலத்தில் பங்குகள் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2007 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையே எஸ் அண்ட் பி 500 சுமார் 57 சதவீதம் விழுந்ததை நினைத்தால், இது மிகையான அனுமானம் அல்ல. தாங்கக்கூடிய சரிவு 20 சதவீதம் என்றால், பங்குகளின் அளவு 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 30 சதவீதம் என்றால் 60 வரை போகலாம். இது தோராயமான கணக்குதான், என்றாலும் “100-லிருந்து வயதைக் கழி” என்ற பழைய சூத்திரத்தைவிட இது மேல். அந்தச் சூத்திரத்துக்கு உங்கள் வயது மட்டுமே தெரியும். உங்கள் கடனும் குடும்பமும் தெரியாது.

கலவையின் கணக்கு

ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இந்தத் துறையின் அடித்தளம். 1990-ல் வில்லியம் ஷார்ப், மெர்ட்டன் மில்லர் ஆகியோருடன் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார். அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: ஒரு முதலீட்டைத் தனியாக வைத்து எடைபோடாதே, தொகுப்பில் ஏற்கெனவே இருப்பவற்றோடு சேரும்போது அது என்ன செய்கிறது என்று பார். தொகுப்பின் வருவாய் அதன் உறுப்புகளின் சராசரிதான். ஆனால் தொகுப்பின் ஏற்ற இறக்கம் அவற்றின் சராசரியைவிடக் குறைவாக இருக்க முடியும்.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பங்குகளின் எதிர்பார்ப்பு வருவாய் 10 சதவீதம், அதன் ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம் 20 சதவீதம். கடன் பத்திரங்களுக்கு முறையே 6-ம் 8-ம். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.1, அதாவது ஒன்றின் போக்குக்கும் மற்றதன் போக்குக்கும் பெரிய தொடர்பு இல்லை. பணம் முழுவதையும் கடன் பத்திரத்தில் வைத்தால் 6 சதவீத வருவாய், 8 சதவீத ஏற்ற இறக்கம். அதில் 20 சதவீதத்தை எடுத்துப் பங்குகளில் போட்டால் எதிர்பார்ப்பு வருவாய் 6.8 ஆக உயர்கிறது; ஏற்ற இறக்கமோ 7.9 ஆகச் சற்றுக் குறைகிறது. அதிக ஆபத்துள்ளது என்று நாம் அஞ்சும் ஒன்றைச் சேர்த்ததால் மொத்த இடர் கூடவில்லை. “எனக்கு ரிஸ்க்கே வேண்டாம்” என்று சொல்லி முழுவதையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

இனி பலருக்கும் பழக்கமான 60-க்கு 40 கலவையை, அதாவது பங்குகள் 60 சதவீதம், கடன் பத்திரங்கள் 40 சதவீதம் என்பதைப் பாருங்கள். மேற்கண்ட எண்களின்படி எதிர்பார்ப்பு வருவாய் 8.4 சதவீதம், ஏற்ற இறக்கம் 12.7 சதவீதம். வெறும் சராசரி எடுத்திருந்தால் 15.2 வந்திருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் கலப்பதால் கிடைக்கும் ஆதாயம். ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் போட்டுப் பார்த்தால், தொகுப்பின் மொத்த மாறுபாட்டில் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) ஏறக்குறைய 91 சதவீதம் பங்குகளிலிருந்து வருகிறது. பணத்தை 60-க்கு 40 என்று பிரித்திருக்கிறோம். இடரோ 91-க்கு 9 என்று பிரிந்திருக்கிறது. சமநிலைத் தொகுப்பு என்று பெயர் சூட்டியவுடன் அது சமநிலையில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

ஒரே வகைக்குள் பரவலாக்குவதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொன்றும் 30 சதவீத ஏற்ற இறக்கமும் தமக்குள் 0.3 ஒட்டுறவும் கொண்ட பங்குகளைச் சம அளவில் வாங்குவதாகக் கொண்டால், ஒன்றுக்கு 30 ஆக இருந்த இடர், பத்துப் பங்குகளில் சுமார் 18 ஆகவும், முப்பதில் 17 ஆகவும் குறைகிறது. அதற்கு மேல் எத்தனை நூறு பங்குகளைச் சேர்த்தாலும் 16.4-க்குக் கீழே இறங்காது. எஞ்சி நிற்பது சந்தை முழுவதற்கும் பொதுவான இடர். 1964-ல் ஷார்ப் வகுத்த கோட்பாட்டின் சாரம் இங்கேதான் இருக்கிறது: பரவலாக்கி நீக்கிவிடக்கூடிய இடரைச் சுமப்பவருக்குச் சந்தை கூலி தருவதில்லை, நீக்க முடியாத இடருக்கே கூடுதல் வருவாய் உண்டு. ஒற்றைப் பங்கில் அகலக்கால் வைப்பவர், பலன் எதிர்பார்க்க நியாயமில்லாத ஒரு சுமையை வலிந்து தூக்குகிறார். அதேபோல், ஒரே பெரிய நிறுவனங்களை வைத்திருக்கும் ஆறு மியூச்சுவல் ஃபண்டுகளை வாங்குவதும் பரவலாக்கல் ஆகாது. ஒரே பொருளை ஆறு பைகளில் போட்டு வைப்பதற்கு ஒப்பானது அது.

இந்தக் கணக்கில் மிகவும் பலவீனமான எண் ஒட்டுறவுதான். அமைதியான காலத்தில் தனித்தனியே நடப்பவை, பீதி பரவும்போது கைகோத்து விழுகின்றன. 2008-ல் நாடுகளைக் கடந்து பங்குச் சந்தைகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன; அப்போது அமெரிக்க அரசின் கடன் பத்திரங்கள் ஏறி, அவற்றை வைத்திருந்தவர்களைத் தாங்கிப் பிடித்தன. 2022-ல் அந்தத் தாங்கலும் இல்லை. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி ஒரே ஆண்டில் வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியதால், பங்குகளும் கடன் பத்திரங்களும் சேர்ந்தே விழுந்தன. நீண்ட காலப் பத்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. சராசரியாக 7 ஆண்டு காலஅளவு (டியூரேஷன், வட்டி மாற்றத்துக்கு விலை எவ்வளவு அசையும் என்பதன் அளவு) கொண்ட ஒரு கடன் பத்திரத் தொகுப்பு, வட்டி விகிதம் ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தால் சுமார் 7 சதவீதம் மதிப்பிழக்கும். ஆகவே பாதுகாப்புக்கென்று வைக்கும் பகுதியில் குறுகிய காலப் பத்திரங்களையும் ரொக்கத்துக்கு நிகரானவற்றையும் கலந்து வைப்பது என் வழக்கம். அதனால் வருவாய் சற்றுக் குறையும் என்பது தெரிந்தே செய்வது.

காலம் என்ன செய்யும், என்ன செய்யாது

நீண்ட காலம் காத்திருந்தால் இடர் கரைந்துவிடும் என்பது பாதி உண்மை. ஆண்டுச் சராசரி வருவாயின் ஏற்ற இறக்கம் காலம் செல்லச் செல்லக் குறைகிறது; 20 சதவீதமாக இருப்பது 16 ஆண்டுகளில் 5 சதவீதமாகச் சுருங்கும். ஆனால் கையில் வந்து சேரும் இறுதித் தொகையின் விரிவு அதே காலத்தில் கூடிக்கொண்டே போகிறது. நாம் செலவு செய்வது சராசரியை அல்ல, அந்த இறுதித் தொகையைத்தான். எனவே மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்கவே கூடாது என்பதிலும், ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தொகுப்புக்கு வெளியே தனியாக வைக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு மேற்பட்ட காலத்துக்கு, “நாள் இருக்கிறது” என்ற ஒரே காரணத்துக்காக இடரைக் கூட்டுவதில்தான் தயக்கம் உண்டு.

தொகுப்பிலிருந்து பணம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு, வருவாயின் அளவைப் போலவே அது வரும் வரிசையும் முக்கியம். இருவர் தலா 100 உடன் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 10 எடுக்கிறார்கள். முதலாமவருக்குச் சந்தை முதல் ஆண்டு 30 சதவீதம் சரிந்து, அடுத்து 10 ஏறி, பிறகு 30 ஏறுகிறது. இரண்டாமவருக்கு அதே மூன்று ஆண்டுகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. பணம் எடுக்காமல் இருந்திருந்தால் இருவரிடமும் ஒரே தொகை இருக்கும். எடுத்ததால் முதலாமவரிடம் மிஞ்சுவது 62.8, இரண்டாமவரிடம் 75.4. ஓய்வு பெறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள சில ஆண்டுகளில் பங்குகளின் அளவைப் படிப்படியாகக் குறைப்பதும், இரண்டு மூன்று ஆண்டுச் செலவைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்குவதும் இந்தக் காரணத்தால்தான்.

ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தல்

விகிதம் முடிவானபின், அதற்குள் எதை வாங்குவது என்ற கேள்வி வருகிறது. நேர்மையாகச் சொன்னால் இது முன்னதைவிடச் சிறிய கேள்வி. 12 சதவீதம் தந்த ஃபண்டையும் 9 சதவீதம் தந்த ஃபண்டையும் வருவாயை மட்டும் வைத்து ஒப்பிடாமல், இடரற்ற வருவாய்க்கு (அரசின் குறுகிய காலப் பத்திரம் போன்றவை தருவது) மேல் கிடைத்ததை ஏற்ற இறக்கத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதையே ஷார்ப் விகிதம் என்கிறார்கள். இடரற்ற வருவாய் 5 என்றும், முன்னதன் திட்ட விலக்கம் 20, பின்னதன் திட்ட விலக்கம் 10 என்றும் கொண்டால், விகிதங்கள் 0.35, 0.40. ஏற்ற ஒவ்வோர் அலகு இடருக்கும் கூடுதலாகச் சம்பாதித்தது 9 சதவீத ஃபண்டுதான். இந்த விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மாதந்தோறும் சிறு லாபம் ஈட்டி, எப்போதாவது ஒருமுறை அடியோடு கவிழும் உத்திகள், கவிழும் நாள் வரை அழகான விகிதத்தையே காட்டும். நோபல் பரிசு பெற்ற இருவரைக் கூட்டாளிகளாகக் கொண்டிருந்த லாங்-டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், 1998-ல் 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுக் காப்பாற்றும் நிலைக்குப் போனதற்கு, அளவு மீறிய கடனோடு, கடந்தகால எண்கள் மீதிருந்த நம்பிக்கையும் காரணம்.

இடரைக் கூட்டாமல் வருவாயைக் கூட்டக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்: செலவைக் குறைப்பது. 8 சதவீதத்தில் 25 ஆண்டுகள் வளரும் 100, சுமார் 685 ஆகிறது. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் கட்டணமாகப் போனால் அது சுமார் 483-ல் நின்றுவிடும். ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறைந்த கட்டண இன்டெக்ஸ் ஃபண்டுகளை அடிப்படையாக வைத்து மற்றவற்றைச் சிறு அளவில் சேர்ப்பதை நான் விரும்புவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

விகிதத்தைக் காப்பது

அமைத்துவிட்டதோடு வேலை முடிவதில்லை. 60-க்கு 40 என்று தொடங்கிய தொகுப்பில் பங்குகள் 50 சதவீதம் ஏறினால், அவற்றின் அளவு தானாகவே 69 சதவீதத்தைத் தொடுகிறது. நாம் ஒப்புக்கொள்ளாத இடர் ஓசையில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. மாறாகப் பங்குகள் 30 சதவீதம் சரிந்தால், 100 ஆக இருந்த தொகுப்பு 82 ஆகி, பங்குகள் 51 சதவீதத்துக்கு இறங்கும். பழைய விகிதத்துக்கு வர, கடன் பத்திரங்களில் 7.2 அளவுக்கு விற்றுப் பங்குகளை வாங்க வேண்டும். எல்லோரும் விற்கும் நாளில் வாங்குவது அருவருப்பான வேலை, அதனால்தான் அதை மனநிலைக்கு விடாமல் விதியாக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை குறித்த தேதியில் பார்ப்பது, விகிதம் 5 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் சரிசெய்வது என்பது பெரும்பாலோருக்குப் போதும். வரியும் கட்டணமும் குறைய, முதலில் புதிதாகப் போடும் பணத்தையும் ஈவுத்தொகையையும் குறைந்துபோன பக்கம் திருப்பிவிட்டு, அப்படியும் எட்டாவிட்டால் மட்டும் விற்கலாம்.

விகிதத்தையே மாற்றுவது வேறு விஷயம். இலக்கு நெருங்குவது, குழந்தை பிறப்பது, பெற்றோரின் பொறுப்பு வந்து சேர்வது, வேலை மாறுவது, பெரிய கடன் அடைவது ஆகியவை அதற்கு ஏற்ற காரணங்கள். சந்தை ஏறியதோ இறங்கியதோ அந்த வரிசையில் இல்லை. உங்கள் குணத்தைப் பற்றிய மதிப்பீடு தவறு என்று தெரியவந்தால் அதையும் ஏற்ற காரணமாகக் கொள்ளலாம், ஆனால் சரிவின் நடுவில் அதைச் செயல்படுத்தக் கூடாது. 2020 மார்ச்சில் குறிப்பேட்டில் 35-ஐ 25 ஆக்கினேன் என்றேன் அல்லவா. அதற்கேற்பப் பங்குகளை 70 சதவீதத்திலிருந்து 50-க்குக் குறைக்கும் வேலையை, விலைகள் பழைய நிலைக்குத் திரும்பிய அடுத்த ஆண்டில்தான், நான்கு தவணைகளாகச் செய்து முடித்தேன்.